ஆற்றுப்படை காட்டும் நெறியில் ஓர் இத்தாலியப் பயணம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தறியோசை ஓயாத ஓர் ஊரில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், இத்தாலி நாட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது பற்றி ஓர் உரை எதற்கு என ஐயுறுவோர் இருக்கலாம். ஐயம் இயல்பே. ஆயினும் இன்று இவ்வட்டாரத்தில் ஐரோப்பாவில் பணிபுரியும் மகனோ மகளோ இல்லாத தெரு அரிதாகி வருகிறது. பிள்ளைகள் அழைக்கிறார்கள், பெற்றோர் வாழ்நாளில் ஒரு முறை செல்கிறார்கள். சேமிப்பின் பெரும்பகுதி அப்பயணத்தில் கரைகிறது. திரும்பி வந்தபின், "என்ன கண்டீர்கள்?" என்று கேட்டால், ஐந்து நாளில் ஏழு ஊர் பார்த்ததாகவும், பேருந்திலிருந்து இறங்கிப் படம் எடுத்து மீண்டும் ஏறியதாகவும் சொல்கிறார்கள். செலவழித்த பணத்திற்கும் பெற்ற பயனுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? திட்டம் பிறர் கையில் இருந்தமையே காரணம். அதனைத் தம் கையில் எடுத்துக்கொள்ள விரும்பும் தமிழர்க்கு வழிகாட்டும் நூல் வெளிநாட்டில் இல்லை, பத்துப்பாட்டில் இருக்கிறது.

பத்துப்பாட்டின் பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகள். சரிபாதி. பரிசில் பெற்று மீள்பவன், பெறாது வருபவனை வழியிற் கண்டு, தான் சென்ற நெறியை அவனுக்கு எடுத்துரைப்பதே ஆற்றுப்படையின் அமைப்பு எனத் தொல்காப்பியம் விளக்குகிறது. வகுப்பறைகளில் இதனை வள்ளலைப் புகழும் இலக்கியம் என்று கற்பித்து முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். வழி கூறுதல் என்னும் மறுபாதியை எடுத்துக்கொண்டால், ஊர்களின் வரிசை, ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும் உணவு, வழியிலுள்ள இடர், தங்குமிடம் ஆகிய அனைத்தையும் கூறும் முழுமையான பயணத்திட்டம் அது. சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளில், எயிற்பட்டினத்தில் மீனும், வேலூரில் புளிங்கறியிட்ட சோறும், ஆமூரில் நண்டும் சோறும் கிடைக்கும் என நத்தத்தனார் நிரல்படச் சொல்லிச் செல்கிறார். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாமோ இடர்களின் பட்டியல் எனலாம். பன்றிக்கு வைத்த பொறிகள் இருப்பதால் இரவில் நடவாதே; தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கு; வழுக்கும் பாறையில் கொடிகளைப் பற்றிக்கொள்; பாம்பு உறையும் குழிகளைப் பார்த்துச் செல் என்று பெருங்கௌசிகனார் எச்சரிப்பது, இக்காலத்து எந்தப் பயண நூலுக்கும் குறைந்ததன்று. வழி பிரியுமிடத்தில் பின்வரும் புதியவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்று அவர் கூறும் இடம், தனியே ஓர் உரைக்கு உரியது.

நெடுநாள் பழகிய எடுத்துக்காட்டு ஒன்றும் அருகிலேயே உள்ளது. திருமுருகாற்றுப்படையின் ஐந்தாம் பகுதியாகிய குன்றுதோறாடல் திருத்தணியைக் குறிக்கும் என்பது மரபு. ஆறு இடங்களை ஒரு வரிசையில் அமைத்த நக்கீரர், அவற்றிற்கு இடைப்பட்ட ஊர்களையெல்லாம் பாடவில்லை. எந்த இடம் பொருளுடையது என்று முதலில் முடிவு செய்தார், ஏனையவற்றை விட்டார். பயணத்திட்டத்தின் முதற்பணி சேர்த்தல் அன்று, விடுத்தல். இத்தாலிக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம்.

தமிழருக்குப் பொருளுடைய இத்தாலி எது? சாய்ந்த கோபுரமும் படகு ஓடும் தெருக்களும் உலகத்தார் அனைவர்க்கும் பொது. தமிழோடு உறவுடைய ஊர்கள் வேறு. வீரமாமுனிவர் பிறந்த ஊர், தத்துவ போதகரின் குடும்பத்து ஊர், அரிக்கமேட்டில் கிடைத்த சிவந்த கலங்களின் ஊர், மிளகு இறங்கிய துறை, மிளகைச் சேமித்த பண்டகசாலை, இன்று தமிழர் குடியிருக்கும் ஊர் என அவை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்துள்ளன. இது நற்பேறே. மிலானில் இறங்கித் தெற்கே சென்று சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து திரும்பலாம். நுழையும் ஊர் ஒன்றாகவும் புறப்படும் ஊர் மற்றொன்றாகவும் வானூர்திச் சீட்டு எடுத்தால், வந்த வழியே திரும்பும் ஒரு நாளும் அதன் செலவும் மிஞ்சும். போக வரச் சீட்டு ஒரே ஊருக்கு எடுப்பது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தை இங்கே கைவிடல் நன்று.

இனி ஊர்தி. தொடர்வண்டியா, வாடகை மகிழுந்தா என்பது இத்தாலி செல்வோர் அனைவரும் கேட்கும் வினா. முழுப் பயணத்திற்கும் ஒரே விடை தேடுவதால்தான் குழப்பம் எழுகிறது. மலைபடுகடாத்தில் மலைக்கு ஒரு நெறி, காட்டுக்கு ஒரு நெறி, வயலுக்கு ஒரு நெறி. நிலத்திற்கேற்ப நடை மாறுகிறது. மிலான், பொலோஞா, புளோரன்சு, உரோம், நேப்பிள்ஸ் ஆகிய பெருநகரங்கள் அதிவேகத் தொடர்வண்டித் தடத்தில் கோத்த மணிகள். அரசுத் தொடர்வண்டியோடு 2012 முதல் தனியார் வண்டிகளும் அத்தடத்தில் ஓடுகின்றன. மிலானிலிருந்து உரோமுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். உரோமிலிருந்து நேப்பிள்சுக்கு ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல். இத்தடத்தில் மகிழுந்தை எடுத்துச் செல்பவர், சுங்கமும் எரிபொருளும் நிறுத்துமிடக் கட்டணமும் செலுத்தி, தொடர்வண்டியைவிடத் தாமதமாகவே சென்று சேர்வார். உல்கு வாங்கும் பெருவழிகளைப் பெரும்பாணாற்றுப்படை அன்றே பாடியது. இத்தாலியின் விரைவுச்சாலைகளும் உல்குடைப் பெருவழிகளே.

அதிவேக வண்டிக்கு முன்கூட்டியே சீட்டெடுத்தால் கட்டணம் குறைவு. நாள் நெருங்க நெருங்க ஏறும். வட்டார வண்டிகளுக்கு அப்படியன்று. அவற்றின் கட்டணம் என்றும் ஒன்றே; இருக்கை எண்ணும் இல்லை. ஆனால் அச்சிட்ட வட்டாரச் சீட்டை, ஏறுமுன் நடைமேடை அருகிலுள்ள பொறியில் செருகி நேரமுத்திரை பதித்தல் வேண்டும். பதிக்காதவரிடம், சீட்டு இருந்தும், தண்டம் வாங்குவர். கைப்பேசிச் சீட்டுக்கும் பயணத்திற்குமுன் உறுதி செய்யும் முறை உண்டு. நம் ஊரில் சீட்டு வாங்கிவிட்டாலே கடமை முடிந்தது என்னும் பழக்கத்தில், நேர்மையாளரே இங்கு மாட்டிக்கொள்கின்றனர். வேலைநிறுத்தம் அந்நாட்டில் அடிக்கடி நிகழ்வது. அதன் நாளை முன்னரே அறிவித்துவிடுவர். வேலைநாளாயின் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் இன்றியமையா வண்டிகள் ஓடும். ஆகவே வானூர்தி ஏறும் நாளன்று நெடுந்தொலைவுத் தொடர்வண்டியை நம்பியிருத்தல் ஆகாது.

இப்போது முதல் ஊருக்கு வருவோம். கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680 நவம்பர் 8-இல் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியரே என்னும் ஊரில் பிறந்தார். மாந்துவா மாவட்டத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே உள்ள சிற்றூர் அது. 3615 பாடல்களில் தேம்பாவணி பாடி, 1732-இல் சதுரகராதி தொகுத்து, தொன்னூல் விளக்கம் என ஐந்திலக்கணமும் எழுதிய ஒருவர், இளமையில் கேட்டது இத்தாலியின் மொழிதான் என்பதை அவ்வூர்த் தெருவில் நின்று எண்ணிப் பார்ப்பது தமிழ் கற்றவர்க்கு மட்டுமே கிட்டும் இன்பம். அவ்வூருக்குத் தொடர்வண்டி இல்லை. மிலான் - வெனிசு தடத்திலுள்ள தெசென்சானோ நிலையத்தில் இறங்கிப் பேருந்து ஏற வேண்டும். தொடர்வண்டி ஏறத் திருத்தணிக்குப் பேருந்தில் செல்லும் ஆர்.கே.பேட்டையினர்க்கு இது புதிதன்று. தமிழுக்குச் சதுரகராதி தந்தவர் பிறந்த ஊரும் நிலையமில்லா ஊரே.

தெசென்சானோவில் இரண்டு இரவு தங்கினால் போதும். காஸ்திலியோனேயில் வீரமாமுனிவருக்கெனப் பெருமண்டபங்களை எதிர்பார்த்துச் செல்லல் வேண்டா. அவ்வூரின் பெருமகன் 1591-இல் கொள்ளைநோயாளர்க்குப் பணிசெய்து இறந்த புனித அலோசியஸ் கொன்சாகா. அவர் பெயரால் பேராலயம் உண்டு. பெஸ்கி சேர்ந்த இயேசு சபையிலேயே அவரும் இருந்தவர். 1859-இல் அருகிலுள்ள சொல்பெரினோவில் நடந்த போரில் காயமுற்றோரை இவ்வூர்ப் பெண்கள் பேணினர். அதனைக் கண்ட ஹென்றி துனாந்தின் உள்ளத்திலேதான் செஞ்சிலுவைச் சங்கத்தின் கரு உருவாயிற்று. அதற்கான அருங்காட்சியகம் இங்குள்ளது. சிற்றூர் ஒன்றுக்கு இவ்வளவு போதாதா?

இங்குதான் கடினமான முடிவு ஒன்றை எடுக்க வேண்டியுள்ளது. தெசென்சானோவிலிருந்து அதே தடத்தில் சென்றால் வெனிசு. வெனிசைக் காணாமல் இத்தாலியா என்று உறவினர் கேட்பர். தமிழோடு அதற்கு உறவில்லை என்றும் சொல்ல இயலாது. காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவின் ஊர் அது; சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்த நிக்கொலாவ் மனுச்சியின் ஊரும் அதுவே; அவர் எழுதிய மொகலாய வரலாற்றின் கையெழுத்துப் படி அங்குள்ள மார்சியானா நூலகத்தில் இருக்கிறது. ஆயினும் பதினாறு இரவுகளே கைவசம் உள்ள பயணத்தில் விட வேண்டியது வெனிசுதான். கூட்டமும் விலையும் மிகுந்த அந்நகருக்கு ஒரு பகலை மட்டும் ஒதுக்குவோர், நிலையத்திற்கும் தேவாலயத்திற்கும் இடையே நெருக்கடியில் நடந்துவிட்டுத் திரும்புகின்றனர். இரண்டு இரவு கூடுதலாகத் தங்க இயன்றவர் செல்லட்டும். இயலாதவர், காஸ்திலியோனேயை விட்டு வெனிசுக்குச் செல்வதினும், வெனிசை விட்டுக் காஸ்திலியோனேக்குச் செல்வதே தகும். இதனை ஏற்காதவர் இவ்வவையிலேயே இருத்தல் கூடும்.

அடுத்துப் புளோரன்சில் மூன்று இரவு. அந்நகரின் ஓவியங்களையும் சிற்பங்களையும் பற்றி எழுதாத மொழி இல்லை. ஆதலின் இங்கு விரித்தல் வேண்டா. உப்பீத்சி கூடத்திற்கு நேரம் குறித்து முன்பே சீட்டெடுத்தல் நலம் என்பதோடு நிறுத்தலாம். இவ்வூரார்க்குப் புளோரன்சினும் அருகிலுள்ள பிராத்தோ உகந்தது. அரைமணி நேரத் தொலைவிலுள்ள அவ்வூர் பல நூற்றாண்டுகளாக நெசவூர். பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மீண்டும் நூலாக்கி நெய்வதில் பெயர் பெற்றது. பழைய ஆலைக் கட்டடத்திலேயே நெசவு அருங்காட்சியகம் அமைந்துள்ளது. தறியில் வாழ்ந்தவர் அங்கே நிற்கும்போது, அருகில் நிற்கும் வேறெந்தப் பயணிக்கும் தெரியாத நுட்பங்கள் அவருக்குத் தெரியும்.

புளோரன்சிலிருந்து உரோம் செல்லும் பழைய தடத்தில் உள்ளது அரெத்சோ. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, விபியே, கமுரி, இத்தா என்னும் குயவர் முத்திரைகள் பொறித்த சிவந்த மெருகுக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அரெத்சோவின் பெயராலேயே அவ்வகைக் கலங்கள் அரெத்தைன் என வழங்குகின்றன. அரிக்கமேட்டின் காலத்தை வரையறுக்க வீலருக்கு உதவியவை அவையே. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கில் ஒரு பகுதி அந்த ஓடுகளின்மேல் நிற்கிறது. அவ்வகைக் கலங்கள் பிற ஊர்ச் சூளைகளிலும் சுடப்பட்டன ஆகலின், அரிக்கமேட்டு ஓடுகள் யாவும் இவ்வூரிலிருந்தே வந்தன என்று கொள்ளல் ஆகாது. ஆயினும் அவ்வகையின் தாயகம் இது. உரோமர் கால வட்ட அரங்கின் சிதைவை ஒட்டிய தொல்பொருட் காட்சியகத்தில் உடையாத முழுக் கலங்களைக் காணலாம். புதுச்சேரிக் கடற்கரையில் ஓடாகக் கிடைத்தது இங்கே கலமாக நிற்கிறது. அக்காட்சியகத்தின் பெயர் இன்னொரு வியப்பு. அது மைசீனாசு பெயரால் அமைந்தது. வர்ஜிலையும் ஹொரேசையும் புரந்த அச்செல்வர் இவ்வூரினர். புலவரைப் புரப்பவர்க்கு ஐரோப்பிய மொழிகளில் அவர் பெயரே பொதுப்பெயராயிற்று. நல்லியக்கோடனைப் பாடிய ஆற்றுப்படையைக் கற்றவர் மைசீனாசின் ஊரில் இறங்காமல் செல்வது எங்ஙனம்?

இதுவரை தொடர்வண்டி. அரெத்சோவில்தான் மகிழுந்தை எடுக்க வேண்டும். அதுவும் இரண்டு நாளுக்கு மட்டும். மதுரைக்கு 1606-இல் வந்து தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்று, ஞானோபதேச காண்டம் முதலிய உரைநடை நூல்களைத் தந்து, 1656-இல் மயிலாப்பூரில் மறைந்த இராபர்ட் தெ நொபிலியின் குடும்பத்து ஊராகிய மோன்தேபுல்சியானோ மலைமுகட்டில் உள்ளது. அதன் பெயரில் நிலையம் இருந்தும் ஊர் வெகுதொலைவு. கியூசி நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதனை நம்புவது கடினம். சுற்றியுள்ள குன்றூர்கள் மகிழுந்துக்கென்றே அமைந்தவை போன்றவை.

வாடகை மகிழுந்து எடுப்பவர் மலைபடுகடாத்தின் எச்சரிக்கைகளைப் போலச் சிலவற்றை மனத்தில் இருத்தல் வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம். அது ஓராண்டுக்கே செல்லும். நாட்டைவிட்டுப் புறப்பட்டபின் பெறுதல் அரிது. முன்பணத்தை ஓட்டுநரின் பெயரிலுள்ள கடன் அட்டையிலேயே பிடித்து வைப்பர். பிள்ளையின் அட்டையைக் காட்டினால் வண்டி கிடைக்காது போகலாம். வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும். பழகிய கையும் காலும் திருப்பங்களில் இடப்புறமே இழுக்கும். ஆதலின் அருகில் ஒருவர் அமர்ந்து வழியை மட்டும் பார்த்துச் சொல்வது நல்லது. வெள்ளைக் கோட்டுக்குள் வண்டியைக் கட்டணமின்றி நிறுத்தலாம். நீலக் கோட்டுக்குள் கட்டணம் உண்டு.

இவை அனைத்தினும் பெரிய பொறி ஒன்றுண்டு. பழைய நகரங்களின் உட்பகுதிகள் வரையறுக்கப்பட்ட போக்குவரத்துப் பகுதிகள். வெண்தகட்டில் சிவப்பு வட்டம் இட்ட பலகை ஒன்றே அடையாளம். தடுப்பும் காவலரும் இல்லை. படப்பொறி மட்டும் எண்ணைப் பதிவு செய்யும். நுழைந்தவர்க்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில திங்கள் கழித்து, அவர் பயணத்தை மறந்து தறியில் அமர்ந்திருக்கும் வேளையில், தண்ட அறிவிப்பு வீட்டு முகவரிக்கு வந்து சேரும். மூன்று முறை நுழைந்திருந்தால் மூன்று தண்டம். வண்டி தந்த நிறுவனம் முகவரி கொடுத்ததற்குத் தனிக்கட்டணம் பிடித்திருக்கும். பன்றிப் பொறியைக் குறித்து எச்சரித்த பெருங்கௌசிகனார் இக்காலத்தில் இருந்திருந்தால் இதற்கும் ஓர் அடி ஒதுக்கியிருப்பார். எனவே வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து ஏறுக. உரோமுக்குள் வண்டியோடு நுழையாது, கியூசியில் வண்டியை ஒப்படைத்துத் தொடர்வண்டி ஏறுக. அங்கே வண்டியைத் திரும்பப் பெறும் நிறுவனத்தைத் தேர்ந்து முன்பதிவு செய்தல் வேண்டும். ஞாயிறு பிற்பகலில் அலுவலகம் மூடியிருக்கும் என்பதையும் கருதுக.

உரோமில் மூன்று இரவு. வெஸ்பாசியனின் அரங்கை அனைவரும் காண்பர். அதனருகே, பழைய மன்றத்தில், மாக்சென்தியசின் பெருமண்டபம் நிற்கும் இடத்தில் முன்பு இருந்தவை தொமீசியன் காலத்து மிளகுப் பண்டகசாலைகள். பொன்னொடு வந்து கறியொடு பெயரும் மரக்கலங்களை அகநானூறு காட்டுகிறது. அக்கறி போய்ச் சேர்ந்த மனை இதுதான். முசிறியில் தொடங்கிய பாட்டின் மறுமுனையைத் தமிழ் மாணவர் ஒருவர் கண்ணால் காணும் இடம் உலகில் இதனினும் பொருத்தமாக வேறில்லை. இயேசு சபையின் தாய்க்கோயிலாகிய ஜெசுவில், முத்துக்குளித்துறையில் 1542 முதல் பணிசெய்த சவேரியாரின் வலக்கை பேணப்படுகிறது. நொபிலி பூணூலும் சந்தனமும் குடுமியும் ஏற்றது முறையா என்னும் வழக்கு, மதுரையில் அன்று, இந்நகரில்தான் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியால் தீர்ந்தது. காந்தியடிகள் 1931 டிசம்பரில் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் தொடர்வண்டியில் இத்தாலியைக் கடந்து, உரோமில் தங்கி, வத்திக்கானில் சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவின்முன் உள்ளம் உருகி நின்று, பின் பிரிந்திசித் துறையில் கப்பல் ஏறியதும் இவ்வழியேதான்.

வத்திக்கான் நூலகத்தைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1586-இல் அச்சான அடியார் வரலாறும், 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்த்துகீசிய அகராதியும் அங்குள்ளன. தனிநாயகம் அடிகள் 1954-இல் அவற்றைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். அகராதியின் நிழற்பதிப்பு 1966-இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. ஆனால் அந்நூலகம் அருங்காட்சியகம் அன்று. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே செல்லல் இயலாது. தக்க சான்றுகளோடு ஆய்வாளரே அனுமதி பெறலாம். மேலும் ஆகஸ்டு மாதத்தில் அது மூடியிருக்கும். ஆகவே ஆய்வுக்குச் செல்பவரின் திட்டமும் குடும்பத்தோடு செல்பவரின் திட்டமும் ஒன்றாதல் அரிது. ஆய்வு மாணவர் அக்டோபரைத் தேர்வாராக.

உணவைப் பற்றிக் கூறாத ஆற்றுப்படை இல்லை. மரக்கறி உணவினர்க்கு இத்தாலி ஐரோப்பாவின் பிற நாடுகளைவிட எளிது. தக்காளிச் சாறிட்ட மாவுணவும், பாலாடைக்கட்டி இட்ட அடையும் எங்கும் உண்டு. காய்ச்சாறு எனத் தருவதில் மட்டும் இறைச்சி வடிநீர் கலந்துள்ளதா என்று கேட்டறிக. நேரம்தான் இடர். பிற்பகல் இரண்டரை மணிக்கு அடுக்களை மூடிவிட்டால் இரவு ஏழரை வரை பெரும்பாலும் திறப்பதில்லை. காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, அமர்ந்து குடித்தால் வேறு விலை என்பது நம்மவர்க்கு வியப்பளிக்கும். உரோமின் தெருக்குழாய்களில் நாளெல்லாம் ஓடும் நீர் குடிநீரே. புட்டி வாங்குதல் வீண்செலவு.

நேப்பிள்சில் இரண்டு இரவு. பெட்டிகளைக் கண்காணித்தல் வேண்டும் என்பதைத் தவிர அந்நகரைப் பற்றிப் பரவியுள்ள அச்சங்கள் மிகை. நகரத் தொடர்வண்டியில் மேற்கே சென்றால் பொட்சுவோலி. உரோமுக்குக் கிழக்குநாட்டுச் சரக்கு நெடுங்காலம் வந்திறங்கிய புத்தேயோலித் துறை அது. அங்குள்ள பழைய அங்காடியின் பளிங்குத் தூண்களில், ஆள் உயரத்திற்கும் மேலே, கடற்சிப்பிகள் துளைத்த வடுக்கள் உள்ளன. நிலம் கடலுள் தாழ்ந்து மீண்டும் எழுந்தமைக்கு அவை சான்று. நிலம் இன்றும் ஏறி இறங்குகிறது. 2024, 2025 ஆண்டுகளில் அப்பகுதியில் நிலநடுக்கங்கள் உணரப்பட்டன. ஆதலின் அன்றைய செய்தியை அறிந்து செல்க. எதிரே மிசேனும். இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்சு நாணயம் வெளியேறுகிறது என்று வருந்தி எழுதிய பிளினி அங்கேதான் கடற்படைத் தலைவராக இருந்தார், கி.பி. 79-இல் எரிமலை வெடித்தபோது அங்கிருந்து கப்பலில் சென்று உயிர்விட்டார். அவ்வெடிப்பில் புதையுண்ட பாம்பெயியில் 1938-இல் கிடைத்த இந்தியத் தந்தப் பாவை, நேப்பிள்சு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ ஒரு சாண் உயரமே உடையது. தக்காணத்தில் செய்யப்பட்டதாகலாம் என்பர். தமிழகத்தினது என்று உரிமை கொண்டாட வேண்டா. ஆயினும் யவனர் பாவைவிளக்கை நெடுநல்வாடையில் கற்றவர், யவனர் வீட்டில் இருந்த இந்தியப் பாவையைக் காணத்தான் வேண்டும்.

நேப்பிள்சிலிருந்து பலெர்மோவுக்குத் தொடர்வண்டியில் ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாகும். வானூர்தியில் ஒரு மணி நேரமே. எனினும் தொடர்வண்டியே தக்கது. வில்லா சான் ஜொவான்னியில் வண்டியைப் பெட்டிகளாகப் பிரித்துக் கப்பலினுள் ஏற்றி, மெசினா நீரிணையைக் கடந்து, மறுகரையில் மீண்டும் இணைக்கின்றனர். தொடர்வண்டியில் அமர்ந்தபடியே கடல் கடக்கும் வாய்ப்பு ஐரோப்பாவிலேயே அரிதாகிவிட்டது. தலைமன்னார்க் கப்பலை அறிந்த முதியோர் இதனை விரும்புவர்.

பலெர்மோவில் மூன்று இரவு. இலங்கைத் தமிழர் 1980-களிலிருந்து குடியேறி வாழும் நகர் அது. அந்நகரின் காவற்புனிதை ரொசாலியா. 1624-இல் கொள்ளைநோய் நகரை வருத்தியபோது அவர் எலும்புகள் பெல்லெகிரினோ மலைக்குகையில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைச் சுமந்து சென்றதும் நோய் நீங்கியது என்பர். அம்மலைக்கு இன்று தமிழர் திரளாக ஏறுகின்றனர். கத்தோலிக்கர் மட்டும் அல்லர், சைவரும் ஏறுகின்றனர். குன்றின்மேல் ஒரு தெய்வம் இருக்க, அதனை நோக்கி வெறுங்காலோடு நடத்தல் அவர்கள் ஊரிலிருந்து கொணர்ந்த பழக்கம். குன்றுதோறாடலைத் திருத்தணியில் படித்தவர்க்கு அக்காட்சியை விளக்கவேண்டியதில்லை. ஆற்றுப்படையின் விருந்தோம்பும் குடிகள், பிற ஊர்களில் இல்லாவிடினும், இவ்வொரு நகரில் தமிழே பேசி எதிர்கொள்வர்.

புனிதையின் திருநாள் செப்டம்பர் 4. முந்திய இரவே மக்கள் மலையேறத் தொடங்குவர். திட்டத்தைப் பின்னிருந்து முன்னாக எண்ண வேண்டியது இதனால்தான். செப்டம்பர் 2 மாலை பலெர்மோ, ஆகஸ்டு 31 நேப்பிள்ஸ், 28 உரோம், 26 மோன்தேபுல்சியானோ, 23 புளோரன்சு, 21 தெசென்சானோ, 20 மிலான். ஆகஸ்டு 15 அந்நாட்டின் பெருவிடுமுறை. அவ்வாரம் சிறுகடைகள் பல மூடியிருக்கும். 20-இல் இறங்கினால் அதன் கடுமை கடந்திருக்கும். வெயில் உண்டு, ஆனால் திருத்தணி வெயிலைக் கண்டவர் அதற்கு அஞ்சார். விசா எனப்படும் நுழைவிசைவுக்கு, பயணத்திற்கு ஆறு திங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்னராவது விண்ணப்பித்தல் வேண்டும். ஊர்வரிசை, தங்குமிடப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கேட்பர். கோடையில் நேர்காணல் நாள் கிடைப்பது அரிது. எனவே மார்ச்சுத் திங்களிலேயே தாள்களைத் திரட்டி, தங்குமிடங்களைக் கட்டணமின்றி நீக்கிக்கொள்ளத்தக்க வகையில் பதிவு செய்து, நுழைவிசைவு கைக்கு வந்தபின் அதிவேகத் தொடர்வண்டிச் சீட்டுகளை வாங்குக. சென்று வந்தவர் தாம் கண்ட வண்டி நேரங்களையும் மூடியிருந்த கதவுகளையும் இரண்டு பக்கத்தில் எழுதி இவ்விலக்கிய வட்டத்தின் நூலகத்தில் வைத்தால், அடுத்துச் செல்பவருக்கு அதுவே முடிந்து வைத்த புல்.